போராளி என்று சொல்லித்தான் எள் இறைத்தேன்

இதை எழுத உட்காருவதும், ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப் போடுவதுமாகப் பல வருஷம் போய்விட்டது. ஒன்பதாம் வகுப்போடு கடையில் உட்கார்ந்தவன் எழுதி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். உண்மைக் காரணம் பயம்தான். இந்த ஆடி அமாவாசையோடு அது போயிற்று.

தூத்துக்குடியில் துறைமுகம் போகிற சாலையில் கயிறு, ஆணி, தார்ப்பாய் விற்கிற கடை என்னுடையது. எனக்குக் கல்யாணமான புதிதில், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் எங்கள் வீட்டுப் பின்னறையில் குடியிருந்தார். ரேடியோ பழுது பார்ப்பார். இடது கால் முட்டிக்குக் கீழே கிடையாது. அகதி என்றுதான் நினைத்திருந்தோம். ஒரு மத்தியானம், கால் எப்படிப் போனது என்று கேட்டுவிட்டேன்.

"கண்ணிவெடி. நான் போராளியா இருந்தனான், அண்ணை."

"பட்டாளக்காரர் மாதிரியா?"

"இல்லை. பட்டாளத்துக்குச் சம்பளம் இருக்கு, லீவு இருக்கு, வயசானா பென்சன் இருக்கு. நாங்கள் வீட்டில சொல்லாமல் போன ஆக்கள்."

"அப்போ வீரர்னு சொல்லுங்க."

"அதைச் சொல்லாதேங்கோ. ஒவ்வொரு நாளும் பயந்தனான். செய்யக்கூடாததும் செய்திருக்கிறன். போராளி எண்டு மட்டும் சொல்லுங்கோ, அது காணும்."

அதுவரை அந்தச் சொல்லைப் பேப்பரில்தான் பார்த்திருந்தேன். அன்றைக்கு அது எனக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்தது.

அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை கண்டு அவர் இறந்துபோனார். தேடி வர யாரும் இல்லை. எங்களிடம் சொல்லியிருந்த பெயர் இயக்கத்தில் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை. நான்தான் கொள்ளி வைத்தேன். கொள்ளி வைத்தவன் எள்ளும் தண்ணீரும் இறைக்க வேண்டும். அதனால் வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குத் திருச்செந்தூர் கடலில் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இறைத்துவிட்டு அவருக்கும் இறைப்பேன்.

முதல் வருஷமே ஒரு தப்புச் செய்தேன். என்ன உறவு என்று ஐயர் கேட்டபோது, பக்கத்தில் நின்றவர்களுக்குப் பயந்து "தம்பி" என்றேன். எங்கள் கோத்திரத்தையே சொல்லி இறைக்க வைத்தார். பிறகு அதுவே பழகிவிட்டது.

போராளி என்ற சொல்லுக்குத்தான் இதற்குள் என்னென்னவோ ஆகிவிட்டது. பேப்பர்காரர்கள் தீவிரவாதி என்று மாற்றி எழுதினார்கள். கடைக்கு வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். இப்போதோ பிறந்தநாள் பிளெக்ஸில் பல்லைக் காட்டுகிற ஆளெல்லாம் போராளி. ரேஷன் கடையில் எடை குறையுதே என்று ஒருவன் கேட்டால், "போராளி வாராருவே, வழி விடுங்க" என்று சிரிக்கிறார்கள். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

இந்த வருஷம் கடற்கரைக்கு என்னோடு இன்னொருவரும் வந்தார். என் மகளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளையின் அப்பா, சாத்தான்குளத்துக்காரர். ஆவணி பிறந்ததும் நிச்சயதார்த்தம் என்று முடிவாகியிருந்தது. பக்கத்தில் நின்று அவர் தன் அப்பாவுக்கு இறைத்துக்கொண்டிருந்தபோது நான் "தம்பி" என்றது காதில் விழுந்திருக்கிறது. கரையேறியதும் கேட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க கூடப் பொறந்தது அக்கா ஒருத்திதானே? இந்தத் தம்பி எங்கனருந்து வந்தாரு? ஒங்க அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் உண்டுமோ?"

ஒழுக்கத்துக்குப் பேர் போன மனிதர் என் அப்பா. என் பயம் அவர் மேலேயே சேற்றை வாரிப் போட்டுவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"பையனுக்குத் துறைமுகத்துல வேலை. போலீஸ் விசாரிச்சுத்தான் பாஸ் குடுக்கான். அகதின்னு சொல்லுங்க, பாவம்னு விட்டுருவாங்க. அந்த வார்த்த மட்டும் வேண்டாம். இனிமே இந்த எள்ளு எறைக்கிற சோலியும் வேண்டாம். மக முக்கியமா, செத்தவரு முக்கியமா?"

"ரெண்டு பேரும்தான் அண்ணாச்சி. பேரு தெரியாத மனுசருக்கு அந்த ஒரு வார்த்ததான் மிச்சம். அதையும் நான் பிடுங்கணுமா?"

நான் திரும்ப ஐயரிடம் போனேன்.

"சாமி, உறவைத் தப்பாச் சொல்லிட்டேன். மறுபடி எறைக்கணும்."

"யாருக்கு?"

"எனக்கு உறவு இல்ல. போராளி."

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "உறவில்லாதவாளுக்கும் விடலாம். காருண்ய தர்ப்பணம்னே அதுக்குப் பேர். அவர் பேர் என்ன?"

"பெத்தவங்க வச்ச பேரு தெரியாது. போராளின்னே சொல்லணும்."

"அப்போ அந்த இடத்துல நீரே வாய்விட்டுச் சொல்லும்."

சொன்னேன். தண்ணீரில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு தடவையும் சொன்னேன். முருகன் சன்னதிக்கு எதிரே நின்று இத்தனை வருஷம் பொய் சொல்லியிருக்கிறேன், அதற்குத்தான் வெட்கப்பட்டேன்.

சாத்தான்குளத்துக்காரர் தனியாகப் பஸ் ஏறிவிட்டார். மூன்றாம் நாள் போன் வந்தது. ஜாதகத்தை மறுபடி பார்த்தார்களாம், பொருந்தவில்லையாம். என் மனைவி அழுதாள். "ஊருல எல்லாவனும் வாய மூடிக்கிட்டுத்தான் பொண்ணக் கெட்டிக் குடுக்கான். ஒங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

மகள் அடுப்படியிலிருந்து சொன்னாள்: "விடும்மா. அந்த வீட்டுல போயி காலம்பூரா அந்தப் பொய்ய நான்லா சுமக்கணும்."

அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. இனி யார் பெண் கேட்டு வந்தாலும் காப்பி கொடுக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவேன். பிடித்தவர்கள் உட்காரட்டும்.

நான் எந்தக் கட்சிக்கும் கொடி பிடித்தவன் இல்லை. வாசிக்கிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். இதை யாரிடமாவது சொன்னால் அவரை வீரராக்கிவிடாதீர்கள். தீவிரவாதி என்றும் மாற்றாதீர்கள். பயந்தேன் என்று அவர் சொன்னதையும், செய்யக்கூடாததைச் செய்தேன் என்று சொன்னதையும் விட்டுவிடாமல், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.