வெளியே, காற்றுக்கு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அப்பாவுக்கும் அப்படித்தான். அம்மா போனபின் அவரைத் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு, என் பதினோராம் மாடி வீட்டுக்கு அழைத்துவந்தேன். அவர் நன்மைக்குத்தான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். பொய். சாயங்காலம் பூட்டைத் திறந்து, ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்து நுழைந்து எனக்கு அலுத்துப்போயிருந்தது.

அப்பா தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அங்கே கீழே இறங்குகிறவர்கள் தங்கள் நம்பர் போட்ட பித்தளைப் பில்லையை மேலே மாட்டிவிட்டுப் போவார்கள். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வார்கள். பில்லை தொங்கினால் ஆள் இன்னும் கீழே, மேலே அவருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சுரங்கம் மூடியும் அப்பாவை அந்தப் பழக்கம் விடவில்லை. வாக்கிங் போவதானாலும் கதவோரத்து ஆணியில் பில்லையை மாட்டிவிட்டுத்தான் லிஃப்டுக்குப் போவார்.

நான் காக்ஸ் டவுனில் இங்கிலீஷ் டீச்சர். ஒரு ஞாயிற்றுக்கிழமை 'ஸோர்' என்ற சொல்லுக்குப் பாடம் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். உயர எழும்புவது, சிறகடிக்காமல் மிதப்பது, தக்காளி விலை எகிறினாலும் அதே சொல்தான். பால்கனிக்கு நேரே ஒரு பருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தது. மூலத்தைத் தேடினால் பிரெஞ்சு, அதற்கும் பின்னால் லத்தீன்: 'வெளியே', 'காற்று' இரண்டும் சேர்ந்தது. அப்பாவிடம் சொன்னேன்.

"அட, இதுக்கு டிக்‌ஷனரி வேற பாக்கணுமாம்மா? ஷிப்ட் முடிஞ்சி கூண்டுல மேல வரும்போது மொதக் காத்து மூஞ்சில அடிக்கும் பாரு, அதான்" என்றார். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த வாரம் பையோடு நின்றார். தங்கவயல் வீடு ஒழுகுதாம், ஒரு மாசம் இருந்து பார்த்துவிட்டு வருவாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போங்க, அங்கயே இருந்துக்குங்க! இங்க யாரு உங்களுக்காக உக்காந்திருக்கா?"

அவர் பில்லையை ஆணியில் மாட்டினார். நான் அதைப் பிடுங்கி அவர் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். சுரங்கக்காரர் மகள், அர்த்தம் தெரிந்தேதான் செய்தேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு லிஃப்டுக்குப் போனார்.

நான் போன் பண்ணவில்லை, பாவி. மூன்றாம் வாரம் தூக்கத்திலேயே போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து அவர் பையைத் திறந்தேன். நான் போட்ட இடத்திலேயே பில்லை கிடந்தது.

கொண்டுவந்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்கிற சத்தம் கேட்டால் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பார்க்கிறேன்.

நான்தான் உட்கார்ந்திருக்கிறேன், அப்பா.