நிலாவில் அமர்ந்த பெண்

செராசில் ஒரு பேரங்காடியில் நேற்று விற்பனைப் பெண் என் மணிக்கட்டில் தெளித்த செண்டில் மல்லிகையும் சந்தனமும் கலந்து வந்தபோது, பிரிக்பீல்ட்ஸில் இப்போது அடுக்குமாடி நிற்கும் இடத்தில் முன்பு இருந்த காதர் அங்கிளின் அத்தர் கடைக்கு நான் போய்விட்டேன்.

கிறீச்சிட்டுச் சுழலும் மின்விசிறி, கண்ணாடி மூடிகள் போத்தல்களில் உரசும் மெல்லிய சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே சுவரில் பழைய செண்டு விளம்பரப் படம்: பிறை நிலாவில் அமர்ந்த பெண், மடியில் போத்தல், அருகே திறந்த கூண்டு, அதிலிருந்து பறந்து போகும் வெள்ளைப் புறா. மாலையில் அங்கே கூடும் பெண்கள் ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள். நிலா என்றால் காத்திருப்பு, புறா என்றால் புருஷனுக்கு அனுப்பும் தூது என்று அப்பாவின் அக்காவான என் அத்தை அடித்துச் சொல்வாள்.

அப்பா இறந்தபின் பூவையும் வாசனையையும் தொடாமலிருந்த அம்மா, கிள்ளானில் வேலை கிடைத்த வாரம் என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே வந்தாள். அத்தையும் இருந்தாள்.

"அண்ணே, அந்தப் படத்துல உள்ள செண்டு ஒன்னு குடுங்க," என்றாள் அம்மா.

"உனக்கு எதுக்கு இதெல்லாம்? புருஷனுக்குத் தூது விடற படம் லா அது," என்றாள் அத்தை.

"புறா கால்ல கடுதாசி எங்க இருக்கு அண்ணி? அவ தொறந்து விட்டுட்டா. அவ்வளவுதான் லா."

அத்தை அண்ணாந்து படத்தை மறுபடி பார்த்தாள்.

திங்கட்கிழமை காலை கழுத்தில் அந்தச் செண்டை இரண்டு சொட்டுத் தொட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்தார் திரும்பிப் பார்க்கப் பார்க்க, அம்மா கிள்ளான் ரயிலைப் பிடிக்க நடுத்தெருவில் நடந்து போனாள்.