மேற்கு பார்த்த கேரவன்

திருமுல்லைவாயில் ஏகாம்பரத்தை உட்கார்ந்த நிலையில் பார்த்தவர்கள் குறைவு. கல்யாணத்தில் முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுத் தாம்பூலப் பையோடு வாசலில் நிற்பார். சினிமாவில் இடைவேளைக்குப் பிறகு, நிறுத்திய வண்டி நிறுத்திய இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். முடிவெட்டும் கடையில் பாதியில் எழுந்துபோய்த் தெருவில் என்ன சத்தம் என்று விசாரித்துவிட்டு வந்து மீதித் தலையைக் கொடுப்பார். இப்படிப்பட்ட மனிதர் பாதி உலகத்தையாவது சுற்றியிருக்க வேண்டும் என்று தோன்றும். அதிகபட்சம் திருப்பதி. மற்றபடி அவருடைய அலைச்சல் மொத்தமும் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவிலேயே, செக்குமாட்டின் சுறுசுறுப்போடு நடந்துகொண்டிருந்தது.

குடும்பம் அந்த ஊரில் நெல் போட்ட குடும்பம். நெல் போட்ட இடத்தில் பிற்பாடு மனை பிரித்துக் கல் நட்டார்கள். கல் நட்ட இடத்தில் இப்போது அடுக்குமாடி. மிச்சம் ஒரு வீடும் அதை ஒட்டிய காலி மனையும். ஏகாம்பரத்துக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், ஃபைபர் பட்டறையில். தண்ணீர்த் தொட்டி, பஸ்ஸின் முகம், பூங்காவின் சறுக்கு மரம், நகைக்கடை வாசலில் தும்பிக்கை தூக்கி நிற்கும் யானை எல்லாம் அங்கேதான் பிறக்கும். கண்ணாடி நார் சட்டைக்குள் புகுந்துவிட்டால் நாள் முழுக்க அரிக்கும். அவர் ஓரிடத்தில் நிற்காததற்கு அதுதான் காரணம் என்று பட்டறையில் சொல்வார்கள். பட்டறைக்குப் போகும் முன்பே அப்படித்தான் என்பார் மனைவி கண்ணம்மா. இருவரில் உட்கார்ந்து யோசிக்கிறவர் அவர்தான்.

கேரவன் வந்த கதை சின்னது. பஸ் நிலையம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, குத்தம்பாக்கத்தில் ஒருவர் ஜூஸ் கடை போடுவதற்காக ஒரு ஃபைபர் டிரெய்லர் வண்டி வாங்கி வைத்திருந்தார். பஸ் வருவதற்கு முன்பே அவர் வந்துவிட்டார். பஸ் வருவதற்கு முன்பே சலித்தும் போய்விட்டார். இரண்டு பெரிய கிண்ணங்களை வாயோடு வாய் வைத்து ஒட்டியது போல, வெள்ளை வெளேரென்று, கீழே இரண்டு சக்கரம், முன்னால் கொக்கி. ரிப்பேர் பார்க்கப் போன ஏகாம்பரம் அதைத் தன் பழைய பொலீரோ ஜீப்பில் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வரும்போது அது காலி வண்டி. பூனைக்குட்டி போலப் பின்னால் வந்தது.

“ஊட்டையே இஸ்துகினு ஊர் ஊரா போலாம், கண்ணம்மா” என்றார்.

இருக்கிற வீட்டில் மழைக்கு ஒழுகுகிற இடத்தைக் கண்ணம்மா விரலால் காட்டினார். பதில் அவ்வளவுதான்.

அன்று தொடங்கியது மேம்பாடு. முதலில் ஒரு ஃபேன். ஃபேன் காற்று போதாமல் பெரிய ஃபேன். பெரிய ஃபேனுக்கு பேட்டரி, பேட்டரிக்குக் கூரைமேல் சோலார், சோலார் தகட்டுக்குப் போட்ட ஓட்டை வழியே மழை, மழைக்கு ரெசினும் கண்ணாடி நார்ப் பாயும் வைத்து ஒரு பூச்சு. பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து ஒரு நெற்று விழுந்து மேல்பூச்சில் சிலந்திவலை போல விரிசல் விட்டது. அதை இழைத்து, பூசி, தேய்த்து, பாலிஷ் போட்டதில் அந்த இடம் மட்டும் பளபளவென்று தெரிந்தது. ஆகவே முழு வண்டிக்கும் பாலிஷ். சக்கரத்தைக் கழற்றி பேரிங்குக்கு கிரீஸ் வைப்பார். ஓடாத சக்கரத்துக்கு அடுத்த மாதமும் வைப்பார். எப்போது கிளம்பப்போகிறீர்கள் என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: இன்னும் ஒரே ஒரு வேலை பாக்கி. இரண்டு மழைக்காலம் போயிற்று. கேரவன் மனையைவிட்டு நகரவில்லை. மனிதர் மட்டும் அதைச் சுற்றிச் சுற்றி வந்ததில் புல்லில் ஒரு பாதை விழுந்தது.

கண்ணம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் தீர்ப்பு சொன்னார். மதுராந்தகத்தில் இருக்கும் தன் அக்கா வரலட்சுமி வீட்டுக்கு இதில் கூட்டிப்போக வேண்டும். அக்கா வாசலில் நிறுத்தி, ஓர் இரவு இதற்குள்ளேயே படுத்து எழுந்திருக்க வேண்டும். நடந்தால் வண்டி ஏகாம்பரத்துடையது. நடக்காவிட்டால் வண்டியை விற்றுவிட்டு மனையில் இரண்டு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட வேண்டியதுதான். அக்காள் வீட்டுக்காரர் அதன் போட்டோவைப் பார்த்து ஐஸ் பெட்டி என்று சொன்ன விஷயம் கண்ணம்மாவுக்குச் செரிக்காமல் கிடந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கூடவே ஒரு நிபந்தனை. படுத்து எழுந்திருக்கிற இடம் என்றால் அது வீடு. வீடு என்றால் வாஸ்து பார்க்காமல் கால் வைக்க மாட்டார்.

வாஸ்துக்கு நடேசன் வந்தார். காலையில் மனை புரோக்கர், மாலையில் வாஸ்து. தான் விற்ற மனையில் வாஸ்து சரியில்லை என்று தானே போய்ச் சொல்லும் அளவுக்கு நேர்மையானவர். கேரவனுக்குள் நடுவில் நின்று திசைகாட்டியைப் பார்த்தார். தெரு மேற்கில் இருப்பதால் வண்டியின் முகம் மேற்கே, முதுகு கிழக்கே. கதவு தெற்கே. நடேசனின் முகம் சுருங்கியது. எதிர்ச் சுவரில் ஒரு பிள்ளையார் படம் மாட்டச் சொன்னதும் விரிந்தது. அப்புறம் மளமளவென்று சொன்னார். அடுப்பு அக்கினி மூலையில், அதாவது தென்கிழக்கு, பின்பக்கம் இடது கோடி. தண்ணீர்த் தொட்டி கூரைமேல் என்றால் கன்னி மூலை. இது வண்டித் தரைக்கு அடியில் வருவதால் சம்ப் கணக்கு. சம்ப் என்றால் ஈசானியம், அதாவது வடகிழக்கு, பின்பக்கம் வலது கோடி. படுக்கை முன்னால்.

எதிர் அடுக்குமாடியில் குடியிருக்கும் லோகேஷ் இதைக் கேட்டுக்கொண்டு நின்றான். கரூர்க்காரன், ஐ.டி. வேலை. எங்கேயும் போகாமல் கேரவன் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுகிறவன். அந்த வகையில் ஏகாம்பரத்துக்கு நல்ல தோழன்.

“அண்ணா, பின்னாடி கனம் ஏத்துனா வண்டி வாலாட்டுமுங்க. கொக்கி மேல கொஞ்சம் பாரம் உக்காரோணும். அப்டியே திருப்பிக் கெழக்கப் பாத்து நிறுத்திட்டா, எல்லா மூலையும் முன்னாடி வந்துருமுங்களே?”

“கொக்கி செவுத்தப் பாத்துகினு நின்னா, அப்பால செவுத்தயா இஸ்துகினு போறது?” என்றார் ஏகாம்பரம்.

பின்னால் கனம் கூடாது என்பது ஏகாம்பரத்துக்கும் தெரியும். தான் செய்த தொட்டிகளை லாரியில் ஏற்றும்போது கனத்தை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்தே பழகியவர். ஆனால் கண்ணம்மா வண்டிக்குள் கால் வைக்கச் சம்மதித்த நாள் அது. அந்த நாளில் அறிவைக் காட்டி அதைக் கெடுத்துக்கொள்ள அவர் தயாராக இல்லை. தொட்டி பின்னால் போயிற்று. அடுப்பும் சிலிண்டரும் பின்னால் போயின. கிரைண்டரும் போயிற்று, இட்லி மாவு இல்லாத பயணத்தைக் கண்ணம்மா பயணம் என்று ஒப்புக்கொள்வதில்லை. அக்காவுக்கு ஒரு மூட்டை அரிசி, முழுசாக ஒரு பலாப்பழம். முன்னால், கன்னி மூலையில், கனமே இல்லாத பஞ்சு மெத்தை.

கிளம்பும் நாள் காலை பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஆவடி தாண்டி, நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையைப் பிடித்தார்கள். கண்ணம்மா பொலீரோவில் முன்சீட்டில், மடியில் பையோடு. சாலை அகலமாக, காலியாக இருந்தது. ஏகாம்பரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். மறுபடி கண்ணாடி. கூரை மூடியைப் பூட்டினோமா என்றார். சங்கிலி மாட்டினோமா என்றார். முன்னாடி பார்த்து ஓட்டு என்றார் கண்ணம்மா.

பூந்தமல்லி பக்கம் மேம்பாலம் ஏறி இறங்கும்போது ஒரு கன்டெய்னர் லாரி வலதுபுறம் தாண்டிப் போயிற்று. அதன் காற்று தள்ளியதில் கேரவன் லேசாக இடுப்பை அசைத்தது. ஏகாம்பரம் பிரேக்கை மிதித்தார். மிதித்திருக்கக் கூடாது. பின்னால் இருந்த ஈசானியமும் அக்கினியும் சேர்ந்து ஒரு தள்ளு தள்ளின. கேரவன் இடக்கோட்டைத் தொட்டது, வலக்கோட்டைத் தொட்டது, பொலீரோவின் பின்புறத்தையே பிடித்து ஆட்டியது. கண்ணம்மா முருகனைக் கூப்பிடவில்லை; கணவரின் பெயரைச் சொன்னார், கல்யாணமான பிறகு முதன்முறையாக. ஏகாம்பரம் இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை மட்டும் இறுக்கிப் பிடித்தார். வேகம் தானாகச் செத்தது. ஆட்டம் அடங்கியது. ஓரம் கட்டினார்.

இருவரும் இறங்கி நின்றார்கள். உள்ளே அரிசி மூட்டை அவிழ்ந்து தரையெல்லாம் அரிசி. பலாப்பழம் கதவோரம் உருண்டுவந்து, இறங்கப் பார்த்த மாதிரி கிடந்தது. ஏகாம்பரம் பலாப்பழத்தை உள்ளே தள்ளினார். பேச்சு சுறுசுறுப்பாக வந்தது. மெதுவாகத் திரும்பிவிடலாம் என்றார். தொட்டியைக் கழற்றி முன்னால் போட வேண்டும், அதற்கு அடிச்சட்டத்தில் புதுசாக ஒரு தாங்கி பற்றவைக்க வேண்டும், அப்படியே ஆட்டம் தடுக்கிற கம்பி ஒன்று இருக்கிறதாம், லோகேஷ் காட்டினான், அதையும் போட்டுக்கொண்டு அடுத்த வாரம் கிளம்பினால் ஜோராக இருக்கும். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. கண்ணம்மா அதைக் கவனித்தார்.

முதலில் அவர் நடேசனுக்குப் போன் போட்டார். நடந்ததைச் சொன்னார். நடேசன் பதறாமல், வண்டி இப்போது எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று கேட்டார். வண்டலூர்ப் பக்கம், தெற்கே என்றார் கண்ணம்மா. அந்தப் பக்கம் அவர் திசைகளை முணுமுணுத்துக் கணக்குப் போடுவது கேட்டது. காலை வெயில் இடதுபக்கத்திலிருந்து அடுப்பின் மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது.

“அப்போ அடுப்பு ஈசானியத்துல கீது. பத்த வைக்காதீங்க, ஹோட்டல்ல சாப்டுக்குங்க” என்றார் நடேசன்.

கண்ணம்மா போனைப் பைக்குள் போட்டார். கேரவனுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார்.

“தண்ணிய எங்கயா தொறக்கறது?”

“இன்னாத்துக்கு? அதான் திரும்பிடலாம்னு சொல்றேனே.”

“வண்டி ஆடுச்சின்னு நீ திரும்பல. திரும்பறதுக்கு ஒண்ணு கெடச்சிதுன்னு திரும்புற. ரெண்டு வருசமா உனக்கு அது கெடச்சிகினே கீது.”

ஏகாம்பரம் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். அவர் சக்கரத்தைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார், சரிசெய்ய ஒன்றும் அகப்படவில்லை.

“திரும்பினா போர்ஷன்தான்” என்றார் கண்ணம்மா. “நான் சொன்னா சொன்னதுதான். ஆனா இப்பிடியே போனாலும் நான் ஏற மாட்டேன். தண்ணிய எறக்கு. மிச்சத்த முன்னாடி தூக்கு.”

“வாஸ்து?”

“அது நின்னுகினு இருக்கறதுக்கு. போறதுக்கு இன்னான்னு உனக்குத்தான தெரியும்? தெரிஞ்சிகினே ஏன் வாய மூடிகினு இருந்த?”

நல்ல கேள்வி. அதற்கு உள்ள பதிலைச் சொல்வதைவிட கிரைண்டரைத் தூக்குவது சுலபமாக இருந்தது. தொட்டியின் அடிக்குழாயைத் திறந்தார். திருமுல்லைவாயில் தண்ணீர் சாலையோரப் புல்லில் ஓடியது. கிரைண்டரும் சிலிண்டரும் மெத்தைக்கு முன்னால் தரையில் வந்து, கயிற்றில் கட்டுண்டு உட்கார்ந்தன. கண்ணம்மா அரிசியை முறத்தில் அள்ளி மூட்டை கட்டினார். ஏகாம்பரம் வெளியே போய்க் கொக்கியைப் பார்த்தார். பொலீரோவின் பின்புறம் சற்றே தணிந்து, கேரவனின் மூக்கு அதன்மேல் அழுந்தி நின்றது. சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததால் இன்னொரு தடவை குனிந்து பார்த்தார்.

வண்டலூர்வரை இடது ஓரத்திலேயே போனார்கள். லாரிகள் தாண்டின. ஒவ்வொன்றுக்கும் கண்ணம்மா சீட்டைப் பிடித்தார், விட்டார். கேரவன் சொன்ன பேச்சு கேட்டது. வண்டலூரில் சாலை முடிந்து பெரிய ரோடு வந்தது. இடது கை சென்னைக்கு, வலது கை தெற்கே. சிக்னல் விழக் காத்திருந்தபோது, கேரவன் சக்கரத்திலிருந்து ஒரு சத்தம் வருகிறது என்றார் ஏகாம்பரம். கண்ணம்மா கண்ணாடியை இறக்கிக் காதைக் கொடுத்துக் கேட்டார், வரவில்லை என்றார். பச்சை விழுந்தது. பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்தது. ஏகாம்பரம் வலப்பக்கம் ஒடித்தார்.

மதுராந்தகத்தில் வரலட்சுமி வாசலுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். அக்காள் வீட்டுக்காரர் உள்ளே ஏறி மெத்தையில் உட்கார்ந்து, எழுந்திருக்க மனமில்லாமல் ஃபேனைப் பெரிதாக வைக்கச் சொன்னார். ஐஸ் பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. கண்ணம்மா அக்கா விரித்த பாயை மறுத்துவிட்டு, சொன்னபடி கேரவனுக்குள்ளேயே படுத்தார். ஏகாம்பரம் மூன்று தடவை எழுந்து சக்கரத்துக்கு வைத்த கல்லைப் பார்த்துவிட்டு வந்ததாகவும், தான் ஒரு தடவையும் எழவில்லை என்றும் மறுநாள் அக்காவிடம் சொன்னார்.

காலையில் வண்டியின் படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார் கண்ணம்மா. ஏகாம்பரம் பக்கத்தில் நின்றார். வண்டி ஏகாம்பரத்துடையதாகிவிட்டது. மனையும் போர்ஷனிலிருந்து தப்பியது. இனி நிதானமாக வீட்டுக்குப் போய், தொட்டியை இடம் மாற்றி, அந்தக் கம்பியையும் போட்டுவிடலாம் என்று விவரித்துக்கொண்டிருந்தார். கண்ணம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த ரோடு எங்கயா போவுது?”

“திண்டிவனம்.”

“அதுக்கப்பால?”

ஏகாம்பரம் யோசித்தார். தெரியவில்லை. கண்ணம்மா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கிரைண்டரின் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.