வாயில் அடக்கிய திருகாணிகள்

எழுபதுகளில், பம்மலில் நான் வேலை பார்த்த தோல் பட்டறையை மூடிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளோடு தவித்த நான், இரும்புலியூரில் புது வீடுகளுக்கு ஜன்னல் மாட்டிக்கொண்டிருந்த ஃபிட்டரிடம் வேலை கேட்டுப் போனேன். என்னைவிட இளையவர். அழுக்குப் பனியன், வெற்றிலைக் காவி ஏறிய பற்கள். திருகாணிகளை வாயில் அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துக் கீலில் முடுக்குவார்.

என் கதையைக் கேட்டவர், வாயிலிருந்த நான்கையும் உள்ளங்கையில் துப்பி நீட்டினார். சிவந்த எச்சில் நூலாக ஒழுகியது.

"வாயில போட்டுகினு ஏணி மேல ஏறுண்ணா."

"தொடச்சுக்கிறேனே?"

"தொடைக்கக் கூடாது. இல்லாங்காட்டி வூட்டுக்குப் போ."

ஊறிய தோலை வெறுங்கையால் அள்ளியவன் நான். அப்படியும் குமட்டியது. கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டேன். அந்த ஜன்னலை முடித்து இறங்கியதும் சுவரோரம் வாந்தியெடுத்தேன்.

மறுநாள் ஒரு தகர டப்பாவை என் இடுப்பில் அவரே கட்டிவிட்டார். "ஸ்க்ரூவ இதுல வெச்சுக்கோண்ணா."

"நேத்து இது இல்லியா?" என்றேன்.

"இருந்துச்சு. என்னையும் இப்டித்தான் சேத்தாங்க," என்று சிரித்தார்.

அவரிடம் கற்ற தொழில்தான் என் பிள்ளைகளை வளர்த்தது. ஆனாலும் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தால், இன்றும் காறித் துப்பத்தான் தோன்றுகிறது.