திங்கட்கிழமை வந்த போயா

மூன்று வருடங்களுக்கு முன், மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இலங்கையின் மலைநாட்டில், பதுளையில் ஒரு வங்கியின் வரிசையில் நின்றிருந்தேன். வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலை செய்யும் என் மனைவி வெள்ளிக்கிழமை மாலை பணம் அனுப்பியிருந்தாள். மகளுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போகச் சப்பாத்து வாங்க வேண்டும். முந்தின நாள் போயா, மாதாமாதம் பௌர்ணமிக்கு வரும் அரசு விடுமுறை என்பதால் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது.

"போயாவுக்கு நம்ம காசும் வெரதம் இருந்துருச்சு போல. இன்னைக்காவது எந்திரிக்குமா?" என்றார் முன்னால் நின்றவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பணம் அன்று காலைதான் கணக்கில் விழுந்திருந்தது. மாதாமாதம் ஏன் இந்தத் தாமதம் என்று கவுண்டரிலிருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"அக்கா வெள்ளிக்கெழம அந்தியிலதானே அனுப்புறாங்க அண்ணே. எங்களுக்கு அது அடுத்த வேல நாள் கணக்கு. சனி, ஞாயிறு, போயா எதுவும் வேல நாள் இல்ல. சட்டம் அப்படி." பிறகு அவரே சொன்னார்: "இப்ப ஒடனே வர்ற முறை இருக்கு. அதுல போடச் சொல்லுங்க. லீவு நாள்லயும் வந்துரும்."

பூனாகலைக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்த நல்ல செய்தியை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே வந்தேன்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சிக்னல் கிடைக்காது. அன்று அந்தியிலும் நானும் மகளும் கோயில் படியில் போய் உட்கார்ந்தோம். அழைப்பு வந்தது. வழக்கமான முதல் கேள்வி: "வந்துருச்சா?"

"வந்துருச்சு. இனிமே நீ இப்படிக் கெடந்து பயப்பட வேணாம் புள்ள," என்று புதிய முறையை விளக்கினேன்.



"வேணாங்க. பழைய மாதிரியே வரட்டும்."

"ஏன், செலவு கூடவா?"

"அதில்லைங்க. காசு வந்து சேர்ற வரைக்குந்தான், வந்துருச்சான்னு கேக்க, வீட்டு மேடம் தெனமும் போனத் தருவாங்க. வந்துருச்சுன்னா வாங்கி வச்சுருவாங்க. ஒடனே வந்துருச்சுன்னா நான் எப்புடிங்க பேசுறது?"

மற்ற நாட்களில் வேலை அதிகம், அதனால் அழைப்பதில்லை என்றே அதுவரை நினைத்திருந்தேன். அவளும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். பணத்தைப் பற்றி அவள் கேட்டதெல்லாம் அந்த முதல் கேள்வி மட்டும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. மற்றதெல்லாம் மகளின் ஆடும் பல், கூரையில் ஒழுகும் இடம், மலையில் மூடுபனி இறங்கிவிட்டதா என்பது.

"சரி, பழைய மாதிரியே போடு," என்றேன். மகள் போனைப் பிடுங்கிச் சப்பாத்தின் நிறத்தைச் சொல்லத் தொடங்கினாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் தொடர்பு அறுந்தது. பணம் வந்துவிட்டதே.

மனைவி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ஒப்பந்தத்தை மறுபடியும் நீட்டியிருக்கிறார்கள். "இன்னும் பழைய முறையா அண்ணே?" என்று கவுண்டரில் கேட்டால், அவசரமில்லை என்று சொல்லிவிட்டு வருகிறேன்.

புது வருடக் கலண்டர் கைக்கு வந்ததும் எந்தெந்த மாதம் திங்கட்கிழமையில் போயா விழுகிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். வரிசையில் எல்லோரும் அலுத்துக்கொள்ளும் அந்த விடுமுறைதான், என் மனைவியின் குரலை இன்னும் ஒரு நாள் கூடுதலாக எனக்குத் தருகிறது.