அம்மா விட்ட எக்ஸிட்

மேடவாக்கத்தில் ஒரு தண்ணி லாரி பின்னாலிருந்து ஹாரன் அடித்த அன்றோடு அம்மா கார் ஓட்டுவதையே விட்டுவிட்டாள்.

போன ஞாயிறு புது எக்ஸ்பிரஸ்வேக்குக் கூட்டிப்போனேன். அப்பப்பா, என்ன ரோடு! இரண்டு பக்கமும் ஏரி, பச்சை வயல், தூரத்தில் மலை. ஓய்விடத்தில் நிறுத்திச் சாவியை நீட்டினேன்.

“கொஞ்ச தூரம் ஓட்டிப் பாரும்மா.”

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தவள், காலி ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டே போனாள்.

“யாருக்கும்மா அடிக்கிறே?”

“கொக்குக்குடா!”

திடீரென்று பின்னால் லாரி ஹாரன். எனக்கு வியர்த்துவிட்டது.

“ஓரம் கட்டும்மா, நான் ஓட்டறேன்!”

“பேசாம வா.”

அம்மா லேனை விட்டு அசையவில்லை. லாரிதான் விலகிப் போனது.

“ஐயோ, நம்ம எக்ஸிட் போச்சும்மா!”

“தெரியும். அடுத்ததுல இறங்கிக்கலாம்.”

பயம் அம்மாவுக்குத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அடுத்த எக்ஸிட்டும் வந்தது. அம்மா அதையும் தாண்டிப் போனாள். நான் சீட்டைச் சாய்த்துக்கொண்டேன்.