மஞ்சள் கோட்டுக்கு வெளியே

போன வாரம் பாட்டுக் கச்சேரி நடந்த புதுக்கோட்டை உள்ளரங்கில் என் மகள் வாலிபால் இறுதி ஆட்டம் ஆடினாள். தரையெங்கும் பல நிறங்களில் கோடுகள். ஒரே வயலில் நாலு பேர் வரப்புப் போட்டிருப்பார்களா என்று வியந்தேன். கேட்கக் கூச்சமாக இருந்ததால், மஞ்சள்தான் எல்லை என்று நானே முடிவுசெய்தேன்.

இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி. மகள் அடித்த பந்து மஞ்சளைத் தாண்டி விழுந்தது. போச்சு என்று தலைகுனிந்தேன். அரங்கமே கைதட்டியது.

பக்கத்து அம்மாவிடம் கேட்டேவிட்டேன்: "வெளிய போனதுக்கு எதுக்குங்க தட்டுறாக?"

"அட, மஞ்சக்கோடு ஷட்டிலுக்குண்ணே! வாலிபாலுக்கு அங்கிட்டு இருக்க வெள்ளைக்கோடு. செயிச்சுட்டாக, தட்டுங்க!"

நான் எழுந்து தட்டியபோது மற்றவர்கள் ஓய்ந்திருந்தார்கள். என் கைதட்டல் மட்டும் தனியாகக் கேட்டது. மகள் திரும்பிப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை.